தேயிலைக்காட்டு வழியில் நடந்து வரும் பிள்ளைக்கு எஸ்ஓஎஸ் வாட்ச் வாங்கலாமா?

கேள்வி: சோலூர்மட்டம் அம்மா

வணக்கம். சோலூர்மட்டம் பக்கம் ஒரு எஸ்டேட் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இருபது, இருபத்தைந்து நிமிட நடை. கொழுந்து எடை போடும் ஷெட் வரைக்கும் வெட்டவெளி, ஆள் நடமாட்டமும் இருக்கும். ஷெட்டைத் தாண்டினால் ஒரு சோலைத் துண்டு, அதற்குள் ஓடை. அந்த இடம்தான் எனக்குப் பயம். முன்பு லயன் பிள்ளைகள் ஒரு கும்பலாக வருவார்கள். இந்த வருடம் சில குடும்பங்கள் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டன. இப்போது இவளும் எதிர்வீட்டுப் பையனும் மட்டும்தான். அவனுக்கு ஏழு வயது.

நான் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன், வீடு வர ஆறு மணி தாண்டிவிடும். வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்துக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். வீட்டில் மாமியார் இருக்கிறார், முட்டி வலியால் அவரால் மேடு ஏற முடியாது.

போன மாதம் ஒரு நாள் மஞ்சு மூடியிருந்தபோது ஓடைக்குப் பக்கத்தில் காட்டெருமை நின்றிருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் திரும்பி ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அது மாமியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருட்டிய பிறகு கங்காணி கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அதுவரைக்கும் லயனே வாசலில் நின்றது.

அதிலிருந்து ஆன்லைனில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குழந்தைகளுக்கான எஸ்ஓஎஸ் வாட்ச் ஆயிரத்து ஐந்நூறிலும் இருக்கிறது, எட்டாயிரத்திலும் இருக்கிறது. பையில் மாட்டும் டேக் என்று ஒன்று இன்னும் மலிவு. எல்லாவற்றிலும் "பட்டனை அழுத்தினால் பெற்றோருக்கு உடனே தகவல்" என்றுதான் போட்டிருக்கிறார்கள். எங்கள் பள்ளத்தில் அது நடக்குமா? என் போன் ஜியோ, அவருடையது பிஎஸ்என்எல். இந்த மலையில் யாராவது உபயோகித்திருந்தால் சொல்லுங்கள். சமவெளியில் வேலை செய்கிறது என்பது எனக்கு உதவாது.

பதில்: மலைக்கடை மெக்கானிக்

தங்கச்சி, நான் கோத்தகிரியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்த வாட்சுகள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன. பாதிக்கு மேல் ரிப்பேரே இருக்காது, இடத்துக்குப் பொருந்தாததை வாங்கியிருப்பார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன், அவர் போன், லயனில் யாரிடமாவது ஏர்டெல் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் நடங்கள். வளைவுக்கு வளைவு நின்று ஒவ்வொரு போனிலிருந்தும் ஒரு கால், ஒரு எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். இரண்டு கோடு காட்டும், கால் போகாது. எந்த இடத்தில் எந்த கம்பெனி போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மஞ்சோ மழையோ இருக்கும் நாளில் போனால் இன்னும் நல்லது, பிள்ளை நடக்கப்போவது அந்த நாளிலும்தானே.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஜிபிஎஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு "சாட்டிலைட் இருக்கிறதே, டவர் எதற்கு" என்று கேட்கிறவர்கள் நிறைய. ஜிபிஎஸ் ஒருவழி. சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னலை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று வாட்ச் கணக்குப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தக் கணக்கை உங்களுக்கு அனுப்ப உள்ளே இருக்கும் சிம் வேண்டும், சிம்முக்கு டவர் வேண்டும். ஓடைப் பள்ளத்தில் டவர் இல்லையென்றால், பிள்ளை நிற்கும் இடம் வாட்சுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது சிம். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் பெரும்பாலும் 2ஜி மட்டும். ஜியோவில் 2ஜியே கிடையாது, அதனால் அந்த வாட்சில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் 2ஜி இன்னும் ஓடுகிறது. 4ஜி வாட்ச் வாங்கினாலும் அதில் வோல்ட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். 4ஜி வழியாகவே கால் பேசும் வசதிக்குப் பெயர் அது. அது இல்லாமல் ஜியோ சிம் போட்டால் ஆப்பில் மேப் தெரியும், ஆனால் எஸ்ஓஎஸ் கால் வெளியே போகாது. இந்தக் குறையை அவசரம் வரும் வரைக்கும் யாரும் கண்டுபிடிப்பதில்லை, அதுதான் ஆபத்து. பிஎஸ்என்எல் 4ஜி போடுவதாக இருந்தால், வாட்ச் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை எடுக்குமா என்று பெட்டியில் பாருங்கள். பேண்ட் 28 என்று போட்டிருக்கும். பிஎஸ்என்எல் தன் 4ஜிக்கு அதையும் பயன்படுத்துகிறது. மலைப் பள்ளங்களுக்குள் கொஞ்சமாவது இறங்குவது அந்த அலைவரிசைதான்.

சிம் உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ எடுங்கள், பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத் தரமாட்டார்கள். கால், எஸ்எம்எஸ், கொஞ்சம் டேட்டா மூன்றும் சேர்ந்த பிளான் போடுங்கள். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். உங்கள் போனில் ரீசார்ஜ் முடிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாட்சில் முடிந்தால் அழுத்துகிற அன்றைக்குத்தான் தெரியும்.

மேப்பில் காட்டும் புள்ளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெட்டவெளியில் ஜிபிஎஸ் சில மீட்டர் வித்தியாசத்தில் சரியாகக் காட்டும். சோலைக்குள் போனால், பக்கத்தில் சரிவு இருந்தால், சிக்னல் மறைந்தும் எதிரொலித்தும் வரும், புள்ளி நகரும். ஜிபிஎஸ் கிடைக்காவிட்டால் வாட்ச் டவரை வைத்து ஒரு இடத்தை யூகித்துக் காட்டும். ஆப்பில் எல்பிஎஸ் என்று எழுதியிருந்தால் அது யூகம். நம் பக்கம் டவர்கள் தூரதூரமாக இருப்பதால் அது அடுத்த எஸ்டேட்டைக்கூடக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு யாரும் எதிர்ச் சரிவில் தேடப் போகக்கூடாது.

டேக் வேண்டவே வேண்டாம். ஆப்பிள் ஏர்டேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிம்மும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. பக்கத்தில் கடந்து போகும் ஐபோன்களைப் பிடித்துத்தான் அது இருக்கும் இடத்தைச் சொல்லும். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் தொலைந்த பெட்டியைக் கண்டுபிடிக்கலாம். தேயிலைக்காட்டில் அதன் பக்கத்தில் ஐபோனோடு யார் நடக்கிறார்கள்? பிள்ளை அழுத்திக் கூப்பிடும் பட்டனும் அதில் கிடையாது. உள்ளே வட்ட பேட்டரி வேறு. வீட்டில் கைக்குழந்தை இருந்து அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடும்.

கடைசியாக, இதுதான் எனக்கு முக்கியம். எஸ்ஓஎஸ் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், வாட்ச் நீங்கள் போட்டுவைத்த நம்பர்களை வரிசையாகக் கூப்பிடும். முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. எல்லோரும் அம்மா நம்பரை முதலில் போடுகிறார்கள். நீங்கள் ரோலர் ஓடும் சத்தத்தில் நிற்கிறீர்கள், அவர் கல்லாறு கொண்டைஊசி வளைவில் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார். கேட்டாலும் உங்களால் ஐந்து நிமிடத்தில் அங்கே போக முடியாது. முதல் நம்பர், கூப்பிட்டால் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடக்கூடிய ஆளாக இருக்கட்டும். ஷெட்டில் எடை எழுதுகிறவரோ, அந்தக் கங்காணியோ. அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ச் நம்பரை அவர் போனில் பிள்ளை பெயரோடு சேமித்து, தனி ரிங்டோன் வைத்துக்கொடுங்கள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டால் எல்லாம் வீண்.

பதில்: எருமாடு டீச்சர்

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு சில விஷயங்கள். நான் பந்தலூர் தாலுகாவில் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லையில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நம் தமிழ்நாட்டு சிம் பல இடங்களில் வயநாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். அது ரோமிங். காசு அதிகம் பிடிக்காது, ஆனால் வாட்ச் செட்டிங்கில் டேட்டா ரோமிங் மூடியிருந்தால் மேப் அப்படியே நின்றுவிடும். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கம் இருப்பவர்கள் அதைத் திறந்துவையுங்கள்.

விலங்கு விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்த வாரம் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அதற்குப் பிறகு இங்கேயும் நிறையப் பெற்றோர் வாட்ச் வாங்கினார்கள். நான் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்வது இதுதான்: பட்டன் சிறுத்தையை நிறுத்தாது. அது நடந்ததைச் சொல்லும் கருவி. நடக்காமல் இருக்கச் செய்ய வேண்டியது பாதையில் இருக்கிறது. பாதையின் இரண்டு பக்கமும் உன்னிச்செடி மண்டியிருந்தால் எஸ்டேட் மேனேஜரிடம் எழுத்தில் மனு கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். லயனில் இருக்கும் எல்லாத் தாய்மாரும் கையெழுத்துப் போடுங்கள். வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்கும் ஒரு நகல். பஸ் நேரம் இருட்டுக்கு நெருக்கமாக இருந்தால் அதற்கும் சேர்த்து எழுதுங்கள்.

காட்டெருமையோ யானையோ எதிரே நின்றால் முதலில் பின்வாங்கி மறைவுக்கு வர வேண்டும், பட்டன் அப்புறம். உங்கள் பிள்ளை செய்தது அதுதான், அவளைக் கூப்பிட்டு என் சார்பில் பாராட்டிவிடுங்கள். இதில் பெற்றோர் கவனிக்காத ஒன்று உண்டு. பஸ் லேட்டானதும் பதற்றத்தில் வாட்சுக்குத் திரும்பத் திரும்பக் கால் போடுவார்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு புதரோரம் நிற்கும்போது கையில் சினிமாப் பாட்டு அலறினால் என்ன ஆகும்? வாட்சை எப்போதும் வைப்ரேஷனில் வையுங்கள்.

வால்பாறையைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம். அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்களும் வனத்துறையும் சேர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்று தோட்டத்து ஆட்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை இருந்தால் மொபைலிலிருந்தே அதை எரியவிடுவார்கள், தூரத்திலேயே பார்த்துவிட்டு ஆட்கள் நின்றுவிடலாம். அதை முன்னெடுத்த ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. எனக்கு அதில் பிடித்தது, தகவல் ஆபத்துக்கு முன்னால் வருகிறது, அதுவும் அந்தப் பாதையில் நடக்கிறவருக்கே வருகிறது. உங்கள் லயனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். மத்தியானம் கொழுந்து பறிக்கிறவர்கள் காட்டெருமையைப் பார்த்தால் குழுவில் போடட்டும். பஸ் வரும் நேரத்துக்கு ஷெட்டில் இருப்பவர் பிள்ளைகளை நிறுத்திவைக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். "பிள்ளை பாதுகாப்பு" என்றதும் நாம் காட்டையும் தெரியாத ஆளையும் நினைக்கிறோம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர்கள் செய்தது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஒவ்வொரு ஆண்டும் காட்டுகின்றன. மாமா முறையோ, பக்கத்து வீடோ, வண்டி ஓட்டுகிறவரோ. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் பட்டன் அழுத்தாது. வீட்டுக்கு வந்து சொல்லத்தான் வேண்டும், சொன்னால் திட்டு விழாது என்ற தைரியம் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி நம்பரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்யவைக்கிறேன். உங்கள் மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், எதிர்வீட்டுப் பையனுக்கும்.

பள்ளியில் அனுமதி கேட்டுவிடுங்கள். போனுக்கு இருக்கும் தடையை வாட்சுக்கும் சேர்த்தே பார்க்கும் தலைமையாசிரியர்கள் உண்டு. வகுப்பு நேரத்தில் எஸ்ஓஎஸ் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும்படி ஆப்பில் நேரம் குறிக்கலாம், அதைக் காட்டினால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

மறுபதில்: சோலூர்மட்டம் அம்மா

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அவரும் நடந்து பார்த்தோம், எதிர்வீட்டு ஏர்டெல் போனும் எடுத்துக்கொண்டோம். ஷெட் வரைக்கும் மூன்றிலும் கால் போகிறது. சோலைக்குள் இறங்கியதும் ஜியோ போய்விட்டது, ஏர்டெல்லில் எஸ்எம்எஸ் மட்டும் ஒரு இடத்தில் போனது. ஓடையில் எதுவும் இல்லை. ஏறுகிற பக்கம் பெரிய சில்வர் ஓக் மரத்தடியில் பிஎஸ்என்எல் தெளிவாக வருகிறது, பேச முடிகிறது. ஆக, இருட்டுப் பகுதி என்பது ஏழெட்டு நிமிட நடை. மகளே தாளில் படம் போட்டுவிட்டாள், எந்த இடத்தில் அழுத்தலாம், எந்த இடத்தில் அழுத்தக்கூடாது என்று.

ஷெட்டில் எடை எழுதும் அண்ணனிடம் பேசினேன். தினமும் பிள்ளைகள் ஷெட்டைத் தாண்டும்போது அவர் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஓக் மரத்தடியில் மகள் வாட்சிலிருந்து பாட்டிக்கு ஒரு கால். நடுவில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அவரே இறங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். வோல்ட்டி உள்ள 4ஜி வாட்சாகப் பார்த்து பிஎஸ்என்எல் சிம் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டு சந்தேகம். எஸ்ஓஎஸ் அழுத்தினால் போலீசுக்கும் போகுமா? இன்னொன்று, கடையில் ஒருவர் "பிள்ளைக்குத் தெரியாமலே அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கலாம்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பதில்: மலைக்கடை மெக்கானிக்

உங்களுக்குப் பட்டதுதான் சரி. ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள குழந்தை வாட்சுகளை ஜெர்மனி 2017 நவம்பரில் தடையே செய்துவிட்டது. நீங்கள் கேட்க முடியும் என்றால், கடவுச்சொல் தெரிந்த வேறு ஆளும் கேட்க முடியும். 2019இல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் சோதித்தபோது, சீனாவில் தயாரான சுமார் 6 லட்சம் டிராக்கர்களில் கம்பெனி போட்டுக்கொடுத்த 123456 என்ற கடவுச்சொல்லே இருந்தது. பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பது யார் கையிலும் கிடைத்துவிடும் நிலைமை. வாங்கிய அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஒட்டுக்கேட்கும் வசதி ஆப்பில் இருந்தால் மூடுங்கள், போன்புக்கில் இல்லாத நம்பர் கூப்பிட்டால் எடுக்காதபடி வையுங்கள். வாட்ச் பின்பக்கம் இருக்கும் ஐஎம்இஐ (கருவியின் அடையாள எண்) ஸ்டிக்கரைப் படம் எடுத்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள். பல வாட்சுகளில் கணக்குக்குள் நுழைய அதுதான் வழி.

போலீசுக்குத் தானாகப் போகாது. நீங்கள் போட்ட நம்பர்களுக்கு மட்டும்தான். சில வாட்சில் அவசர உதவி நம்பரான 112ஐ போன்புக்கில் சேர்க்கலாம், சிலதில் மூன்று இலக்க நம்பரே ஏற்காது. வாங்கும்போது கடையிலேயே சேர்த்துப் பாருங்கள். பாட்டியிடம் பட்டன் போன் இருந்தால் அதில் வழி உண்டு. 2017க்குப் பிறகு விற்கும் போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் 112 போகும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று தடவை. நம் கம்பெனி டவர் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் அந்தக் கால் போகும். எடுப்பவர்கள் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பார்கள், அவர்களுக்கு நம் ஓடையும் ஷெட்டும் தெரியாது. நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா, எஸ்டேட் பெயர், டிவிஷன் என்ற வரிசையில் சொல்லப் பாட்டிக்கும் மகளுக்கும் பழக்கிவிடுங்கள்.

சிக்னல் இல்லாத அந்த ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு விசில் வாங்கி ஸ்கூல் பையின் தோள்பட்டியில் கட்டுங்கள், பைக்குள் வேண்டாம். விழுந்து அடிபட்டாலோ, ஆள் யாராவது தொந்தரவு செய்தாலோ மூன்று தடவை ஊதினால் ஷெட் வரைக்கும் கேட்கிறதா என்று அந்த அண்ணனை நிறுத்திவைத்துச் சோதித்துவிடுங்கள். விலங்கு நின்றால் ஊதக்கூடாது என்பதையும் டீச்சர் சொன்னபடி பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் குறைந்த இடத்தில் வாட்ச் டவரைத் தேடித்தேடி சார்ஜைத் தின்னும். டிசம்பர், ஜனவரி குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும். இடம் அனுப்பும் இடைவெளியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வையுங்கள், காலையில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சார்ஜில் போடுங்கள். ஐபி67 என்று போட்டிருந்தால் மழைக்குத் தாங்கும், ஆனால் சார்ஜ் ஏறும் பின்களை வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைக்க வேண்டும். என் மேஜைக்கு வரும் வாட்சில் அதிகம் பச்சை பிடித்திருப்பது அந்தப் பின்கள்தான். சிம் போட்டதும் கடைக்குக் கொண்டு வாருங்கள், நம்பர் வரிசையும் வோல்ட்டி காலும் நானே போட்டுப் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் போட்ட அந்தப் படத்தை நான் பார்க்க வேண்டும்.